நான்கு பேர் கொண்ட துறை: கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: வேதியியலில் முனைவர் பட்டம் முடித்து, அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகளாக எச்-1பி விசாவில் போஸ்ட்டாக்காக (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வாளராக) இருக்கிறேன். சுமார் 1,500 மாணவர்கள் படிக்கும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (இளங்கலைக் கற்பித்தலே முதன்மையான கல்லூரி) டெனூர்-டிராக், அதாவது சில ஆண்டு மதிப்பாய்வுக்குப் பின் நிரந்தரமாகக்கூடிய, உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. துறையில் என்னையும் சேர்த்து நான்கு பேர். ஆண்டுக்கு ஐந்து பாடம், அதாவது ஒரு செமஸ்டரில் மூன்று, மற்றதில் இரண்டு: ‘3-2’ என்கிறார்கள். பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம் உண்டு. ‘அங்கே போனால் உன் ஆராய்ச்சி அதோடு முடிந்தது’ என்கிறார் என் வழிகாட்டி. கணவர் எச்-4 விசாவில் இருப்பதால் வேலை பார்க்க அனுமதியில்லை. ஏற்கலாமா? ஏற்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஏற்கலாமா என்பதற்கு ஆஃபர் கடிதத்தில் விடை இருக்காது. அந்தத் துறையின் அடுத்த மூன்றாண்டுப் பாட அட்டவணையில்தான் இருக்கும். எந்த செமஸ்டரில் யார் எந்தப் பாடம் எடுக்கிறார், அதற்கு எத்தனை லேப் பிரிவு, யார் விடுப்பில் போகிறார் என்பதெல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும். துறைத் தலைவரிடம் இன்றே கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் துறை ஓரிரு நாளில் அனுப்பிவிடும். ‘அதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், அங்கே அப்படியொரு தாளே இல்லை. மற்றவர்கள் விரும்பியதை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது புதிதாக வருபவர் தலையில் விழும் என்று புரிந்துகொள்ளலாம்.

நீங்கள் இதுவரை பார்த்த துறைக்கும் இனிப் பார்க்கப்போகும் துறைக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. ஆய்வுப் பல்கலையில் பல ஆய்வுக் குழுக்கள் ஒரே கட்டடத்தில் இருந்தால் அது துறை. முப்பது பேரில் ஒருவர் ஓராண்டு இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. சிறு கல்லூரியில் துறை என்பது மாணவருக்குக் கொடுத்த வாக்கு. வேதியியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர் நான்கே ஆண்டில் பட்டம் முடிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் உயிரியல் மாணவருக்குப் பொது வேதியியலும் கரிம வேதியியலும் ஆண்டுதோறும் கிடைக்க வேண்டும். இந்த வாக்கை நான்கு பேர் காப்பாற்றுகிறார்கள். உங்கள் பணிச்சுமை, ஆராய்ச்சி நேரம், விடுப்பு, டெனூர் எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். நான்கு பேர், ஆளுக்கு ஐந்து: இருபது பாடம். துறைத் தலைவருக்கு ஒரு பாடம் குறைப்பார்கள், மிச்சம் 19. பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், தலா இரண்டு பிரிவு: 4. கரிம வேதியியலும் அப்படியே: 4. பகுப்பாய்வு, இயற்பிய வேதியியல் இரண்டு பகுதி, கனிம வேதியியல், உயிர்வேதியியல், கருவிமுறைப் பகுப்பாய்வு: 6. அறிவியல் படிக்காத மாணவருக்கான ஒரு பாடம், முதலாண்டுக் கருத்தரங்கு ஒன்று, இறுதியாண்டுக் கருத்தரங்கு ஒன்று: 3. ஆக 17. கையில் இரண்டு மிஞ்சுகிறது. பரவாயில்லை போலத் தெரிகிறது. இப்போது ஒருவர் ஓராண்டு சபாட்டிகல் விடுப்பில் (ஆராய்ச்சிக்காகக் கற்பித்தலிலிருந்து பெறும் நீண்ட விடுப்பு) போகட்டும். ஐந்து போய்விடும், மூன்று பாடம் குறையும். அந்த மூன்றை ஈடுகட்ட மூன்றே வழிகள்: ஓராண்டுக்கு வருகைப் பேராசிரியரை நியமிப்பது, மேல்நிலைப் பாடங்களை ஓராண்டு விட்டு ஓராண்டு நடத்துவது, இருப்பவர்கள் தலையில் ஏற்றுவது. முதல் வழிக்கு டீன் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டாவதை எல்லாத் துறைகளும் ஓரளவு செய்கின்றன. மூன்றாவது எங்கே வழக்கமோ அங்கே கவனமாக இருக்க வேண்டும். ‘கடைசியாக ஒருவர் சபாட்டிகல் போனபோது அவருடைய பாடங்களை யார் எடுத்தார்கள்?’ என்று நேராகவே கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல கேள்விகளுக்குச் சமம்.

அட்டவணையில் இன்னொன்றையும் பாருங்கள். மேல்நிலைப் பாடத்தில் நான்கைந்து பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் சில கல்லூரிகளில் டீன் அதை ரத்து செய்துவிடுவார். உங்கள் கணக்கில் ஒரு பாடம் குறையும். அதை நிரப்ப, கடைசி நேரத்தில் பொது வேதியியலில் ஒரு பிரிவைக் கொடுப்பார்கள். குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கைக்கு எழுத்தில் விதி இருக்கிறதா, முதன்மைப் பாடத்துக்குக் கட்டாயமானவற்றுக்கு விலக்கு உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ‘3-2’. இந்த எண் தனியாக எதையும் சொல்வதில்லை. வாரம் மூன்று 50 நிமிட வகுப்பும் மூன்று மணி நேர லேபும் சேர்ந்தது ஒரு பாடமா, அல்லது லேபுக்குத் தனி மதிப்பு உண்டா? சில இடங்களில் லேப் அரைப் பாடம். சில இடங்களில் வகுப்போடு சேர்த்தே ஒன்று. இரண்டாவது லேப் பிரிவையும் நீங்களே எடுத்தால் அதற்கு என்ன கணக்கு? 50 நிமிட வகுப்பை ஒரு மணி நேரமாக வைத்தால், ஒரு லேபோடு கூடிய பாடம் வாரத்துக்கு ஆறு தொடர்பு மணி நேரம். மூன்று பாடம் என்றால் பதினெட்டு. அமெரிக்க வேதியியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற துறைகளுக்கு வாரத் தொடர்பு நேரம் சராசரியாகப் பதினைந்தைத் தாண்டக் கூடாது என்றும், ஒரு ஆசிரியர் மேற்பார்க்கும் லேபில் 25 மாணவருக்கு மேல் கூடாது என்றும் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள் சொல்லிவந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி அந்த அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். பெற்றிருந்தால், உங்கள் மணிக்கணக்கு மீறும்போது துறைத் தலைவர் டீனிடம் நீட்ட ஒரு காகிதம் இருக்கும்.

பணிச்சுமையில் கண்ணுக்குத் தெரியாத பாதி லேபின் பின்புறத்தில் இருக்கிறது. முதுகலை மாணவர்கள் இல்லாத இடம் இது. லேப் உதவியாளர், விடைத்தாள் திருத்துபவர் எல்லாம் நீங்களே. கரைசல் தயாரிப்பது யார்? ஸ்டாக்ரூமுக்கு (ரசாயனங்களை வைக்கும் அறை) முழுநேர ஊழியர் உண்டா? கழிவுக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டி அனுப்புவது யார்? வேதியியல் ஆய்வகங்களுக்கான கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிப்படி பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமித்தாக வேண்டும். பெரிய பல்கலையில் அதற்கென்று ஓர் அலுவலகமே இருக்கும். சிறு கல்லூரியில் பல நேரம் துறைப் பேராசிரியர் ஒருவர்தான் அந்தப் பொறுப்பைச் சுமப்பார், அதுவும் அண்மையில் சேர்ந்தவராக இருக்கும். ‘உங்களுக்குத்தான் புதிய விதிகள் தெரியும்’ என்று புன்னகையோடு வரும். அதே போலத்தான் மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறியும் என்எம்ஆர் கருவி. மீக்கடத்திக் காந்தம் உள்ள கருவி என்றால் திரவ நைட்ரஜனை அடிக்கடியும் திரவ ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும் நிரப்பியாக வேண்டும். நிரப்புவது யார், பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, ஹீலியம் விலை ஏறினால் யார் தாங்குவது? கேட்காமல் சேர்ந்தால் சனிக்கிழமைக் காலைகள் காந்தத்தோடுதான்.

பேரம் பேச வருவோம். ஊதியத்தில் பெரிதாக நகர்த்த முடியாது. பதவிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற படிநிலைக்குள்தான் பல கல்லூரிகள் கொடுக்கும். போஸ்ட்டாக் ஆண்டுகளை அனுபவமாகக் கணக்கிட்டுப் படியை உயர்த்த முடியுமா என்று மட்டும் கேளுங்கள். நகர்த்த முடிகிறவை வேறு. முதலாவது, முதலாண்டில் ஒரு பாடம் குறைவு. இரண்டாவது, பணத்தைவிட மதிப்பானது: முதலாண்டில் புதிய பாடங்களின் எண்ணிக்கை. ஒரே பாடத்தின் இரண்டு பிரிவு எடுத்தால் தயாரிப்பு ஒன்றுதான். மூன்று வெவ்வேறு பாடம் என்றால் மூன்று தயாரிப்பு. புதிதாக எடுக்கும் ஒரு 50 நிமிட வகுப்புக்கு நான்கைந்து மணி நேரம் தயாரிப்பது சாதாரணம். ஒரு வாரத்தில் ஒன்பது வகுப்பு என்று பெருக்கிப் பாருங்கள். ‘முதல் நான்கு செமஸ்டரில் புதிய தயாரிப்பு, செமஸ்டருக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்’ என்று கேளுங்கள். அவர்களால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியாமல் போகலாம். கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறுவது மிக அரிது. மூன்றாவது, ஸ்டார்ட்-அப் நிதி, அதாவது ஆய்வைத் தொடங்கக் கல்லூரி தரும் தொகை. ஆய்வுப் பல்கலையில் இது பல லட்சம் டாலர்; இங்கே அந்த அளவை எதிர்பார்க்காதீர்கள். தொகையோடு காலமும் முக்கியம். இரண்டே ஆண்டில் செலவழிக்க வேண்டும் என்றால், பாடம் நடத்தி மூச்சுவிடுவதற்குள் அது காலாவதியாகும். நான்கு அல்லது ஐந்தாண்டு கேளுங்கள். கருவி, ரசாயனம், கோடை மாணவர் உதவித்தொகை, முதலிரண்டு கோடைக்கு உங்கள் ஊதியம் என்று பட்டியலிட்டு, எது ஏற்கெனவே துறையில் இருக்கிறது, எதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று குறித்து அனுப்பினால், வெறும் தொகையைவிட அதற்கு மரியாதை அதிகம். லேப் அறையில் புகைபோக்கிக் கூண்டு பொருத்த வேண்டியிருந்தால், எந்தத் தேதிக்குள் என்பதும் கடிதத்தில் வர வேண்டும்.

ஊதியம் ஒன்பது மாதத்துக்கு. பெரும்பாலும் பன்னிரண்டு மாதமாகப் பிரித்துத் தருவார்கள். கோடையில் நீங்கள் செய்யும் ஆராய்ச்சிக்கு, கிராண்ட் (வெளி ஆராய்ச்சி மானியம்) இல்லையென்றால் ஊதியமில்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளை தன் கிராண்ட்களிலிருந்து பொதுவாக ஆண்டுக்கு இரண்டு மாத ஊதியம் வரை தர அனுமதிக்கிறது.

உங்கள் வழிகாட்டியின் எச்சரிக்கைக்கு இதுதான் பதில்: ஆராய்ச்சி முடிந்துவிடாது, அவர் செய்யும் வகை ஆராய்ச்சிதான் முடியும். செமஸ்டர் நடுவில் வாரத்துக்கு ஒரு அரைநாளைக் காப்பாற்றினாலே பெரிது. உண்மையான வேலை எட்டு முதல் பத்து வாரக் கோடையில்தான் நடக்கும், அதுவும் இதற்கு முன் பைப்பெட் பிடித்திராத பத்தொன்பது வயது மாணவரோடு. ஆகவே திட்டத்தை அதற்கேற்ப வெட்ட வேண்டும். பத்து வாரத்தில் ஒரு துண்டு முடிய வேண்டும். டிசம்பரில் நிறுத்தி மே மாதம் தொடர்ந்தாலும் கெடாத சேர்மங்களாக இருக்க வேண்டும். காற்றும் ஈரமும் பட்டால் கெடுபவற்றை முதல் திட்டமாக வைக்காதீர்கள். போட்டியிடும் பெரிய குழு ஆறு மாதத்தில் செய்து முடிக்கும் கேள்வியை எடுக்காதீர்கள். அவர்களுக்குச் சிறியதாகவும் உங்களுக்குப் போதுமானதாகவும் உள்ள கேள்வியே உகந்தது. முதல் கோடையில் இரண்டு மாணவர் போதும். ஆறு பேரைச் சேர்த்தவர்கள் அந்தக் கோடை முழுவதும் கண்ணாடிப் பாத்திரம் எங்கே என்று காட்டியே கழிப்பார்கள். இரண்டாமாண்டு முடித்தவரை எடுத்தால் இரண்டு கோடை கிடைக்கும். மூன்றாமாண்டு முடித்தவர் கற்றுக்கொண்டதும் பட்டம் வாங்கிப் போய்விடுவார். போகும் ஒவ்வொருவரும் தன் செய்முறையை, அடுத்தவர் உங்களிடம் கேட்காமலே திரும்பச் செய்யும் அளவுக்கு எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

பணத்துக்கு இந்தக் கல்லூரிகளுக்கென்றே கதவுகள் உண்டு. தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இளங்கலை நிறுவனங்களுக்கான ‘ஆர்யுஐ’ வகை விண்ணப்பம். முந்தைய இரண்டு கல்வியாண்டுகளில் அறக்கட்டளை ஆதரிக்கும் துறைகளில் மொத்தமாக இருபது அல்லது அதற்குக் குறைவான முனைவர் பட்டங்களே வழங்கிய நிறுவனங்களுக்கு இது பொருந்தும். தேசிய சுகாதார நிறுவனத்தில் இதே போன்ற ‘ஆர்15’ மானியம். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் பெட்ரோலிய ஆராய்ச்சி நிதியில் இளங்கலைக் கல்லூரிப் புதியவர்களுக்கான பிரிவு. இது வேலையில் சேர்ந்த முதல் மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டியது என்பதால் தள்ளிப்போட்டால் போய்விடும். இன்னொன்று: இப்போதைய வழிகாட்டியிடம் பேசி, எந்தத் திட்டத்தை நீங்கள் எடுத்துச் செல்கிறீர்கள், எது அவரோடு தங்குகிறது என்று ஒரு மின்னஞ்சலிலாவது பதிய வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

டெனூர் பற்றி. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1940 அறிக்கைப்படி தகுதிகாண் காலம் ஏழாண்டைத் தாண்டக்கூடாது. பெரும்பாலான கல்லூரிகள் மூன்றாம் ஆண்டில் ஒரு மதிப்பாய்வும் ஆறாம் ஆண்டில் டெனூர் முடிவும் வைத்திருப்பது இதனால்தான். மறுக்கப்பட்டால் ஏழாம் ஆண்டு கடைசி ஆண்டு. பெரிய பல்கலையிலிருந்து வருபவர்கள் இங்கே தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. உங்கள் கோப்பை முடிவாக எடைபோடும் குழுவில் வேதியியலாளர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். வரலாறு, இசை, தத்துவம், பொருளாதாரம் என்று கல்லூரி முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் உங்கள் கட்டுரைகளைப் படிக்க மாட்டார்கள். உங்கள் சுய அறிக்கையை வரிக்கு வரி படிப்பார்கள். என்ன கேள்வி, அது ஏன் முக்கியம், மாணவர் அதில் என்ன செய்தார் என்று இசைப் பேராசிரியருக்குப் புரியும் மொழியில் எழுதப் பழகுங்கள். வெளி மதிப்பீட்டாளர்களாகச் சிறு கல்லூரி நிலைமை தெரிந்தவர்களும் இருக்க வேண்டும். அவர்களை மாநாடுகளில் இப்போதிருந்தே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். துறைக்கு எழுத்துவடிவ டெனூர் நெறி இருக்கிறதா என்று கேளுங்கள். ‘எத்தனை கட்டுரை என்று நாங்கள் எண்ணுவதில்லை’ என்பது இனிமையான பதில். ஆறாம் ஆண்டில் அந்த இனிமை இருக்காது. கடந்த பத்தாண்டில் எத்தனை பேர் டெனூர் மதிப்பாய்வுக்கு வந்தார்கள், எத்தனை பேர் பெற்றார்கள் என்பதை டீன் சொல்லத் தயங்கத் தேவையில்லை. இந்த இடம் ஏன் காலியானது என்பதையும் விடாமல் கேளுங்கள்.

கற்பித்தல்தான் இங்கே முதல் அளவுகோல். முதல் செமஸ்டர் மாணவர் மதிப்பீடு சுமாராக வருவது இயல்பு. பொது வேதியியல் எடுப்பவருக்கு இன்னும் கொஞ்சம் குறையும். வேற்று உச்சரிப்பு உள்ளவர்களைப் பற்றி அதிலேயே குறிப்பு எழுதுவோர் உண்டு. இதற்குப் புலம்பலைவிட ஆவணம் உதவும். ஐந்தாம் அல்லது ஆறாம் வாரத்தில் நீங்களே ஒரு சிறு கருத்துத்தாள் கொடுத்து, வந்ததில் இரண்டை மாற்றி, எதை மாற்றினீர்கள் என்று வகுப்பில் சொல்லுங்கள். வேறு துறையில் பெயரெடுத்த ஆசிரியர் ஒருவரை வந்து பார்த்து எழுதித்தரச் சொல்லுங்கள். மூன்றாமாண்டு மதிப்பாய்வில் இவை எண்களுக்குப் பக்கத்தில் நிற்கும்.

மூன்றாமாண்டு மதிப்பாய்வு தாண்டியதும், நான்காம் ஆண்டில் டெனூருக்கு முந்தைய விடுப்பு கொடுக்கும் கல்லூரிகள் பல. உங்கள் கடிதத்தில் அது இருக்கிறதா, ஒரு செமஸ்டர் முழு ஊதியமா, ஓராண்டு பாதி ஊதியமா? அது கட்டுரை எழுதுவதற்கான காலம். அப்போதுதான் கருவி பொருத்திக்கொண்டிருந்தால் விடுப்பு வீண்.

மூன்று மூத்தவர்களோடு ஒரு நடைபாதையில் ஆறாண்டு. உங்கள் டெனூருக்கு வாக்களிப்பவர்களும் அவர்கள்தான், என்எம்ஆருக்கு வரிசையில் நிற்பவர்களும் அவர்கள்தான். யாருக்கும் யாருக்கும் எதற்காக ஆகாது என்பதை முதல் செமஸ்டரில் கேட்டுக்கொள்ளுங்கள், கருத்துச் சொல்லாதீர்கள். பாடத்திட்டச் சண்டைகளில் பாதி, பத்தாண்டுக்கு முன் யாரோ கைவிட்ட ஒரு பாடத்தைப் பற்றியதாக இருக்கும். டெனூர் பெற்றவர்கள் துறையில் இருவர்தான் என்றால் பக்கத்துத் துறையிலிருந்து ஒருவரை மதிப்பாய்வுக் குழுவில் சேர்ப்பார்கள். அவர் யார், எப்போது நியமிக்கப்படுவார் என்பது கல்லூரியின் ஆசிரியர் கையேட்டில் இருக்கும்.

பெரியவர்கள் கேட்டால் மறுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது இங்கே விலை அதிகமான பழக்கம். குழுக்கள், வெளிநாட்டு மாணவர் மன்றம், சேர்க்கை வாரத்தில் பெற்றோரைச் சந்திப்பது, பன்முகத்தன்மைப் பணிக்குழு என்று எல்லோரும் உங்களையே தேடி வருவார்கள். பெண், அறிவியல், வெளிநாட்டவர் என்று ஒரே ஆளில் மூன்று பெட்டியை நிரப்பலாமே! முதலாண்டில் குழுப்பணி இல்லை என்பது பல இடங்களில் வழக்கம். அதைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். பிறகு வருபவற்றுக்கு ‘துறைத் தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்பதே நல்ல மறுப்பு. உங்களைக் காப்பது அவர் கடமைகளில் ஒன்று. செய்வதையெல்லாம் தேதியும் மணியும் போட்டு ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். ஆலோசனைக்கு ஒதுக்கப்படும் மாணவர்கள் இரண்டாமாண்டிலிருந்து கூடிக்கொண்டே போவார்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு மூன்று வார முன்னறிவிப்பும் ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும் என்று முதல் கடிதத்திலிருந்தே விதி வைத்துவிடுங்கள். மாதாந்தர ஆசிரியர் கூட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள். தனியார் பல்கலை ஆசிரியர்கள் நிர்வாகத்தில் பங்கேற்பதால் மேலாளர்களே, தொழிற்சங்கச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை என்று 1980இல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னபின், இத்தகைய கல்லூரிகளில் தொழிற்சங்கம் அமைவது அரிது. பாடத்திட்டத்தையும் டெனூர் விதியையும் மாற்றும் இடம் அந்தக் கூட்டம்தான்.

விசா விஷயத்தில் ஒரு நாளும் தாமதம் வேண்டாம். எச்-1பியின் ஆறாண்டில் இரண்டு போய்விட்டது. டெனூர் முடிவு வருமுன் மீதி நான்கும் தீரும். கல்லூரி ஆசிரியர்களுக்கென்று கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்தில் தனிச் சலுகை உண்டு. சாதாரண வழியில் குறைந்தபட்சத் தகுதியுள்ள அமெரிக்கர் ஒருவர் விண்ணப்பித்திருந்தாலே, கிரீன் கார்டுக்கு முதல் படியான தொழிலாளர் சான்றிதழ் கிடைக்காது. ஆசிரியர்களுக்கோ, அந்த வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் இவரே அதிகத் தகுதியுள்ளவர் என்று கல்லூரி காட்டினால் போதும். ஆனால் உங்களைத் தேர்ந்தெடுத்த தேதியிலிருந்து 18 மாதத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அந்த ஆள்தேர்வுக்கான விளம்பரம் நாடு தழுவிய தொழில்முறை இதழ் ஒன்றில் வந்திருக்க வேண்டும். இணையத்தில் மட்டும் என்றால் குறைந்தது முப்பது நாள் இருந்திருக்க வேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும். ‘மூன்றாமாண்டு மதிப்பாய்வுக்குப் பிறகே கிரீன் கார்டு’ என்று சில கல்லூரிகள் கொள்கை வைத்திருக்கின்றன. அதற்குள் 18 மாதம் ஓடிவிடும்; திரும்ப ஓர் ஆள்தேர்வு நடத்த வேண்டியிருக்கும். எப்போது தொடங்குவார்கள் என்பதை மாதம் போட்டு எழுதி வாங்குங்கள். தொழிலாளர் சான்றிதழுக்கான வழக்கறிஞர் கட்டணத்தை வேலை கொடுப்பவரே கட்ட வேண்டும் என்பது விதி. உங்களிடம் கேட்கக் கூடாது.

அடுத்த படியாகக் கல்லூரி உங்களுக்காகப் போடும் ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால், இந்தியர்களுக்கான நீண்ட வரிசையில் நிற்கும்போதே எச்-1பியை ஆறாண்டுக்கு மேல் மூன்று மூன்றாண்டாக நீட்டலாம். அதே ஒப்புதலின் பேரில்தான் உங்கள் கணவரும் எச்-4இல் வேலை அனுமதி கோர முடியும். 2015 முதல் இருக்கும் வழி இது. சிறு ஊரில் அவருக்கு வேலை கிடைக்குமா என்பது வேறு கேள்வி. கல்லூரியிலேயே தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இடமுண்டா என்று ஆஃபர் கையில் வந்த இந்த இரண்டு வாரத்தில் டீனிடம் கேட்பது தவறில்லை. கையெழுத்துக்குப் பின் கேட்டால் அது வெறும் வேண்டுகோள்.

கல்லூரியின் பணநிலையையும் பாருங்கள். டெனூர் என்பது கல்லூரி இருக்கும்வரைதான். கிரீன் மவுண்டன் கல்லூரி 2019இலும் மார்ல்பரோ 2020இலும் மூடப்பட்டன. வெல்ஸ் கல்லூரி 2024 ஏப்ரல் இறுதியில் அறிவித்து அந்த செமஸ்டரோடு மூடிவிட்டது. லாபநோக்கற்ற நிறுவனங்களின் வருமானவரிப் படிவம் 990 பொதுவில் கிடைக்கும். ஐந்தாண்டு வரவு செலவை வரிசையாக வைத்துப் பாருங்கள். கூட்டாட்சிக் கல்வித் துறை தனியார் கல்லூரிகளுக்கு மைனஸ் 1 முதல் 3 வரை ஒரு நிதி மதிப்பெண் தருகிறது, 1.5க்குக் கீழே போனால் கேள்வி கேட்க வேண்டும். ஆண்டுதோறும் சேரும் முதலாண்டு மாணவர் எண்ணிக்கை சரிகிறதா என்பது இவற்றைவிட முன்கூட்டியே சொல்லிவிடும். ஆட்குறைப்பு வந்தாலும் மருத்துவப் படிப்புக்கு வேண்டிய வேதியியலை மூடுவது அரிது. ஓய்வுபெறுபவர் இடத்தை நிரப்பாமல் நான்கு பேரை மூவராக்குவதுதான் நடக்கும். இப்போது அங்கிருக்கும் மூத்தவர் மூவரில் யார் இன்னும் ஐந்தாண்டுக்குள் ஓய்வுபெறுவார் என்று யோசித்து வையுங்கள்.

அட்டவணை, முதலாண்டுப் பாடங்கள், ஸ்டார்ட்-அப் கால அளவு, விடுப்பு, கிரீன் கார்டு மாதம் ஆகிய ஐந்தும் எழுத்தில் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அட்டவணையும் கிரீன் கார்டு மாதமும் வராவிட்டால், என் கணிப்பில், இன்னொரு போஸ்ட்டாக் ஆண்டு மேல். இரண்டு வாரம் போதாவிட்டால் ஒரு வாரம் நீட்டக் கேளுங்கள். காரணத்துக்கு ‘வழக்கறிஞரிடம் பேச வேண்டும்’ என்பதே போதும். திருத்திய கடிதத்தில் இரு தரப்புக் கையெழுத்தும் விழும்வரை போஸ்ட்டாக் வேலையை விடாதீர்கள். விடும் தேதியையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: பல கல்லூரிகளில் ஒப்பந்தம் ஆகஸ்டில் தொடங்கும், உங்கள் போஸ்ட்டாக் ஜூனில் முடியலாம். எச்-1பி வேலை நின்றபின் கிடைக்கும் சலுகை அறுபது நாள்தான். புதிய கல்லூரியின் மனு அதற்குள் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடும் அந்த இடைவெளியில் அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.